ஜூன் ஒன்பதுக்கு மாற்றப்பட்டவர்

குளிர்பெட்டி மெக்கானிக்கின் பிறந்தநாளை அரசாங்கம் மாற்றிவிட்ட சங்கதி கடைசியாகத் தெரிந்தது மெக்கானிக்குக்குத்தான். அதுவும், தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று மருத்துவமனைக்குப் போன இடத்தில் தெரிந்தது.

சிறுநீரகம் அவருடைய அக்காவுக்கு. அக்கா என்றால் வருடக் கணக்கில் மூத்தவள் அல்ல. இருவரும் இரட்டைப் பிள்ளைகள். அவள் கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்தைக் காரணம் காட்டி வாழ்நாள் முழுக்க அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள் என்பதால் அதட்டல் அவளுக்குத் தொழிலும்கூட. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான், யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிரேக் அவள் காலடியில் இருந்தது. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த நூலகர் ஒருவர், லைசென்ஸ் வாங்காமலே அவளைக் கட்டிக்கொண்டார். மெக்கானிக் அவரை அத்தான் என்பார். அத்தான் இன்றுவரை கார் ஓட்டுவதில்லை.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. டயாலிசிஸ் நாட்களில் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அப்போது யாரும் பேசக் கூடாது. டம்ளர் வைக்கும் சத்தம்கூட அவளுக்கு ஆகாது. மறுநாள் காலையில் எழுந்து மறுபடியும் யாரையாவது ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் மாலையில் மெக்கானிக் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, தன்னிடம் இரண்டு இருப்பதாகவும் ஒன்று போதும் என்றும் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமலே, "உன்கிட்ட இருக்கறதுல எது ஒழுங்கா ஓடியிருக்கு?" என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் அவருடைய கையை விடவில்லை. அப்படித்தான் அது முடிவானது.

சோதனைகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். மிச்சமிருந்தது உறவை உறுதிசெய்யும் வேலை. அதற்கான அறையில் இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கணினித் திரையைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கூடப்பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்களே, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். கூடவே பிறந்தவன் என்றார் மெக்கானிக்.

"உங்க அக்கா செப்டம்பர் பதினெட்டு. நீங்க அதே வருஷம் ஜூன் ஒன்பது. மூணு மாச இடைவெளியில ஒரே அம்மா ரெண்டு பேரைப் பெத்திருக்க முடியாதே சார்."

தானும் செப்டம்பர் பதினெட்டுதான் என்றார் மெக்கானிக். போன வருடம்வரை அப்படித்தான் இருந்திருக்கிறது, நாட்சிறப்பு வாரியம் மாற்றியிருக்கிறது என்றார் அந்த அம்மாள். பதிவின்படி அவர் வெளியாள். வெளியாளிடமிருந்து உறுப்பு வாங்குவது குற்றம்.

"ரத்தமெல்லாம் பொருந்துதுன்னு டாக்டர் சொன்னாரே."

"ரத்தம் பொருந்துது. பதிவு பொருந்தலையே. ரத்தத்துல யாரும் முத்திரை குத்தறதில்ல சார்."

இதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னார். பிறகு வாரியத்துக்கு எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்பதையும் சொன்னார்.

நாட்சிறப்பு வாரியத்தைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் அது ஒரே அறை. இரண்டு பேர் உட்கார்ந்து, இதே தேதியில் முன்பு என்ன நடந்தது, யார் பிறந்தார் என்று பழைய பத்திரிகைகளிலிருந்து பொறுக்கி எழுதுவார்கள். காலையில் வானொலியில் பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அதை வாசிப்பார்கள். இடைவெளியை அடைக்கப் பிறந்த அந்த வேலை நாளடைவில் வளர்ந்து ஐந்து மாடிக் கட்டிடமாகிவிட்டது. பிறப்புக்கு ஒரு மாடி, இறப்புக்கு ஒரு மாடி, போரும் உடன்படிக்கையும் ஒரே மாடியில் எதிரெதிரே. தீ, வெள்ளம், கப்பல் மூழ்குதல் மூன்றும் தரைத்தளத்தில். பிறப்புப் பிரிவில் தினமும் அன்றைக்குப் பிறந்த பெரிய மனிதர் பெயரால் கேக் வெட்டுவார்கள். பெரிய மனிதர் செத்துப்போயிருப்பார் என்பதால் பிரிவினரே சாப்பிட வேண்டியிருக்கும். இதனால் இறப்புப் பிரிவினருக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மெக்கானிக் முதல்முறை போன நாளில் பதினோரு மணிவரை மகிழ்ச்சி, அதற்குமேல் துக்கம் என்று நுழைவாயிலில் பலகை வைத்திருந்தார்கள். அன்றைய தேதியில் ஓர் இசை மேதை பிறந்திருந்தார். வேறொரு வருடத்தில் நிலநடுக்கமும் வந்திருந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் மணி அடித்தபோது கை தட்டினார்கள். அடுத்த மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் மணி மாறியது தெரியாமல் நிலநடுக்கத்துக்கும் கை தட்டினார். அவரை வெளியே அனுப்பி, திரும்ப வரிசையின் கடைசியில் நிற்க வைத்தார்கள்.

கவுன்டரில் இருந்த பெண் நல்லவள். பிறந்தநாளைத் திரும்பப் பெறுவதற்கு வழி இருக்கிறது என்றாள். செப்டம்பர் பதினெட்டில் இருப்பதற்கு அவருக்கு என்ன தகுதி என்பதைக் காட்டினால் போதும்.

"அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

"பொறந்தேன்."

"அது எல்லாரும் செய்யறதுதானே சார். குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி வேற ஏதாவது?"

மெக்கானிக் யோசித்தார். நிறைய அழுததாக அம்மா சொல்லுவார்கள் என்றார். அழுகைக்குத் தனிப்பிரிவு இல்லை என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள். அம்மாவை நேரில் அழைத்து வர முடியுமா என்று கேட்டாள். அம்மா தவறிப்போய் ஆறு வருடமாகிறது என்றார் மெக்கானிக். என்ன தேதி என்று ஆர்வமாக நிமிர்ந்தாள். அவர் சொன்னார். அந்தத் தேதியில் ஏற்கெனவே இரண்டு மன்னர்களும் ஒரு தாவரவியல் அறிஞரும் இறந்திருப்பதால் அதனாலும் பயனில்லை என்று கூறி, துணை இயக்குநரைப் பார்க்கச் சொன்னாள்.

அன்று மாலை அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னார். அவள் கேட்டுவிட்டு விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"ஜூன்னா நீ எனக்கு மூத்தவன். அப்ப உன்னை நான் அண்ணான்னு கூப்பிடணும்."

"பதிவுல அப்படித்தான் இருக்கு."

"அதுக்கு டயாலிசிஸே மேல்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

துணை இயக்குநரைப் பார்ப்பதற்குப் பல நாட்கள் நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று நடந்திருந்தது. ஒரு நாள் பாலம் திறப்பு. மறுநாள் அதே பாலம் இடிந்த நாள். ஒரு நாள் ஒரு தளபதி பிறந்திருந்தார், அவரைச் சுட்டவரும் அதே தேதியில்தான் பிறந்திருந்தார். எந்தப் படத்துக்கு முதலில் மாலை போடுவது என்று பிறப்புப் பிரிவில் மதியம்வரை வாக்குவாதம். மெக்கானிக் வாசலில் உட்கார்ந்து கைதட்டியும் தலைகுனிந்தும் எழுந்தும் உட்கார்ந்தும் காத்திருந்தார். கடைக்குப் போக முடியவில்லை. குளிர்பெட்டி பழுதான வீடுகளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கறி கெட்டுப்போகிறது, பால் திரிகிறது என்றார்கள். தன் பிறந்தநாள் கெட்டுப்போயிருக்கிறது என்று அவரால் விளக்க முடியவில்லை.

கடைசியில் உள்ளே போகக் காரணமாக இருந்தது ஒரு குளிர்பெட்டிதான். பிறப்புப் பிரிவில் கேக் வைக்கும் பெட்டி குளிர்வதை நிறுத்திவிட்டது. மெக்கானிக் வாசலில் இருக்கிறார் என்று கவுன்டர் பெண் சொல்லியிருக்கிறாள். கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்; அழுத்திப் பொருத்தினார், பெட்டி முனக ஆரம்பித்தது. வாரியத்தில் அவருடைய பேச்சுக்குக் கிடைத்த முதல் பதில் அது. கூடவே துணை இயக்குநரின் அறைக்கும் போகக் கிடைத்தது.

அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக வருடத்தின் எல்லா நாட்களும் தொங்கின. சில கட்டங்களில் சிறிய அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து பிதுங்கின. சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பிப்ரவரி இருபத்தொன்பதை மட்டும் தனியே பூட்டிய கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். துணை இயக்குநர் ஒரு குச்சியால் ஜூன் ஒன்பதைத் தொட்டுக் காட்டினார். அவர் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

"போன வருஷம்வரைக்கும் இந்த நாளைப் பாருங்க. ஒரு போர் இல்ல. ஒரு கண்டுபிடிப்பு இல்ல. ஒரு மேதை பிறக்கல. ஒரு நல்ல தீ விபத்துகூட இல்ல. வெளிநாட்டு விருந்தாளி யாராவது அன்னைக்கு வந்து இறங்கினா நாங்க எதை வாசிக்கறது? நாட்டுக்கே அவமானம் இல்லையா?"

அதே நேரம் செப்டம்பர் பதினெட்டில் இடமே இல்லை என்றார். ஒரு போரிலும் தோற்காத படைத்தலைவர் அன்றுதான் பிறந்தார். அவர் காலத்தில் போரே நடக்கவில்லை என்பது வேறு விஷயம். வடக்குக் கலங்கரை விளக்கம் முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அன்றுதான். பின்னால் ஒரு வருடத்தில், அதன் காலடியிலேயே கப்பல் ஒன்று மோதி மூழ்கியதும் அன்றுதான். ஓர் உடன்படிக்கை கையெழுத்தானதும், அது மீறப்பட்டதும் அன்றுதான். இத்தனை பெருமை குவிந்த நாளில் குளிர்பெட்டி மெக்கானிக்குகளும் கணக்கெழுதுகிறவர்களும் சலூன்காரர்களும் ஆயிரக்கணக்கில் வந்து பிறந்து வைத்திருந்தார்கள். படைத்தலைவரை யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு நெரிசல். அதனால் சாதாரணமானவர்களை ஒருவர் விட்டு ஒருவராகக் காலி நாட்களுக்கு மாற்றிவிட்டார்கள். மருத்துவமனைப் பதிவு வரிசையில் அக்கா முதலில், மெக்கானிக் அடுத்து. அக்கா நின்றாள், மெக்கானிக் போனார்.

ஒரே பிரசவத்தில் பிறந்த இருவரைப் பிரித்துவிட்டீர்களே என்று மெக்கானிக் கேட்டார். பிரசவம் மருத்துவத் துறையைச் சேர்ந்தது, தேதி மட்டுமே எங்களுடையது என்றார் துணை இயக்குநர்.

மெக்கானிக்குக்கு வேண்டியது செப்டம்பர் பதினெட்டு இல்லை. அக்காவும் தானும் ஒரே நாளில் இருந்தால் போதும், அது எந்த நாளாக இருந்தாலும் சரி. அதனால் அக்காவையும் ஜூன் ஒன்பதுக்கு மாற்றிவிடும்படி கேட்டார். துணை இயக்குநர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருட சேவையில் தானாக முன்வந்து இடம்மாறக் கேட்ட முதல் குடும்பம் என்று மனம் நெகிழ்ந்து பாராட்டினார். பிறகு அது முடியாது என்றார்.

"நாங்க மாத்தினதுல ஜூன் ஒன்பது நிரம்பிப்போச்சு. அது மட்டுமில்ல. இவ்வளவு பேரை ஒரே நாளுக்கு மாத்தினது சரித்திரத்துலயே முதல் தடவை. பெரும் இடமாற்ற நாள்னு அதையே ஜூன் ஒன்பதுல போட்டுட்டோம். இப்ப அது முக்கியமான நாள். சாதாரண ஆட்களை அங்கருந்தும் எடுக்கணும்."

அப்படியானால் தன்னை எங்கே அனுப்புவீர்கள் என்று மெக்கானிக் கேட்டதற்கு, குழு அமைக்கப்பட்டிருக்கிறது என்றார். பிறகு குளிர்பெட்டிக்கு நன்றி சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் அக்கா பயிற்சிக் காரில் உட்கார்ந்திருந்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓட்டியது பல் டாக்டருக்குப் படிக்கும் ஒரு பெண். வளைவில் அவள் வேகமாகத் திரும்ப, அக்கா வழக்கம்போலத் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கப் போயிருக்கிறாள், காலில் பலமில்லை. கார் நடைபாதை ஏறி ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அந்தப் பெண்ணே காரைத் திருப்பி மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். டாக்டர் மெக்கானிக்கையும் அத்தானையும் தாழ்வாரத்துக்கு அழைத்து, டயாலிசிஸை அவள் உடம்பு இனி அதிக நாள் தாங்காது, சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்றார். அவர் சொன்னது உடம்பைப் பற்றி. இருவரும் வாரியத்தைப் பற்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அத்தான் அதிகம் பேசாதவர். அன்று தாழ்வாரத்தில் மெக்கானிக்கின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியலப்பா. நீ எதைச் செஞ்சாலும் சரி" என்றார். நூலகத்தில் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர் அவர்.

மெக்கானிக் நேராக வாரியத்தின் தலைவரிடம் போனார்; கேக் பெட்டியைச் சரிசெய்தவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. தலைவர் உயரமான அம்மாள், வெண்ணெய்போல மிருதுவான குரல். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒருமுறை மணி அடித்தது. இருவரும் எழுந்து நின்று ஏதோ ஒரு வெள்ளத்துக்காகத் தலைகுனிந்துவிட்டு உட்கார்ந்தார்கள். நடந்தது தவறுதானே, அதைத் திருத்துவதில் என்ன கஷ்டம் என்று மெக்கானிக் கேட்டபோது அவர் சிரித்தார்.

"தம்பி, வாரியம் தப்பு பண்ணின நாள்னு ஒரு நாள் எங்க காலண்டர்ல கிடையாது. ஒண்ணைத் திருத்தினா அதை எந்தத் தேதியில போடுவேன்? வரலாற்றை நாங்க தேதிவாரியா அடுக்கறோம். அடுக்கும்போது சிலது கீழ விழும். குனிஞ்சு எடுக்கற பழக்கம் இங்க யாருக்கும் இல்ல. முதுகு அப்படிப் பழகிடுச்சு."

மெக்கானிக் எழுந்துகொள்ளப் பார்த்தார். அவர் கையமர்த்தி உட்கார வைத்தார். திரையில் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முகம் மலர்ந்தது. ஒரே தாய். ஜூன் ஒன்பதில் ஒரு பிள்ளை, செப்டம்பர் பதினெட்டில் இன்னொன்று. பதிவில் அப்படித்தான் இருக்கிறது, பதிவு பொய் சொல்லாது. அப்படியானால் இது அதிசயப் பிறப்பு. இரண்டு தேதிகளிலும் போடலாம். வாரியமே சான்று கொடுக்கும், இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று. மருத்துவமனை அதற்குமேல் ஒன்றும் கேட்க முடியாது. மெக்கானிக் செய்ய வேண்டியதெல்லாம் மேடையேறி, தங்களை அம்மா அப்படித்தான் பெற்றார் என்று சபையில் ஒருமுறை சொல்வதுதான்.

நாங்கள் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்றார் மெக்கானிக். அது தெரியும் என்றார் தலைவர்.

மெக்கானிக் மருத்துவமனைக்குத் திரும்பி நடந்தார். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. பொய் சொல்வது அவருக்குப் புதிதல்ல. நாளைக்கு வருகிறேன் என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் இது அம்மாவைப் பற்றிய பொய். அம்மா சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்தவர். ஒரு பட்டன் கோணலாக இருந்தாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பார், யாரும் பார்க்காவிட்டாலும். அவரைப் பற்றி ஊரறியக் கோணலாக ஒன்றைச் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது.

அக்கா ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல முதலில் சிரித்தாள், சிரிக்க மூச்சுப் போதவில்லை. குழாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு பேசினாள்.

"போய்ச் சொல்லிட்டு வா. அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. எனக்கு மூச்சு விடணும்டா."

வெள்ளிக்கிழமை வாரியத்தின் அரங்கில் விழா நடந்தது. பிறப்புப் பிரிவும் மருத்துவ அதிசயப் பிரிவும் முன்வரிசைக்குப் போட்டி போட்டன. மருத்துவ அதிசயப் பிரிவு அதற்கு முந்தின நாள்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் பேசும்போது, உலகத்தில் இது மூன்றாவது நிகழ்வு என்றார். முதல் இரண்டும் எங்கே நடந்தன என்று யாரும் கேட்கவில்லை. துணை இயக்குநர் பேசும்போது கண் கலங்கினார். எந்தக் குறையுமில்லாத திட்டமிடல் இருந்தால் இயற்கைகூட ஒத்துழைக்கும் என்பதற்கு இது சாட்சி என்றார். இன்னும் ஐந்து வருடம் அவகாசம் கொடுத்தால் காலி நாளே இல்லாத நாடாக்கிக் காட்டுவதாகவும், அதற்குப் பொதுமக்கள் எந்த நாளில் பிறப்பது, எந்த நாளில் சாவது என்பதில் கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மெக்கானிக்கை அழைத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நன்றி சொல்லும் இடங்கள் அதில் நிறைய. மைக்கின் முன்னால் நின்றதும் அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கடைசி வரிசையில் அத்தான் உட்கார்ந்திருந்தார், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு.

"எங்கம்மா ஜூன்ல என்னைப் பெத்தாங்க" என்றார் மெக்கானிக். "செப்டம்பர்ல அக்காவைப் பெத்தாங்க. அவ்வளவுதான்."

அவர் மேலும் பேசுவார் என்று காத்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த அடக்கம் எல்லோரையும் உருக்கிவிட்டது. கவுன்டர் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு விஷயம் முழுக்கத் தெரியும், இருந்தும் துடைத்துக்கொண்டாள். கீழே இறங்கியபோது ஒரு பெரியவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்ல வந்து, சொற்கள் குழம்பி, உங்களைப்போன்ற பிள்ளைகளுக்குப் பிறந்த தாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைய சபையில் அது யாருக்கும் தவறாகத் தெரியவில்லை.

சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒருங்கிணைப்பாளர் அம்மாள் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படித்தார். மூன்று மாத இடைவெளியில் ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் என்று அதில் எழுதியிருந்தது. "இப்ப சரியா இருக்கு சார்" என்றார். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி. வெளியே வந்தபோது மெக்கானிக்குக்கு அந்த அம்மாளின் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

விழா நாள் ஒன்றில் அறுவை சிகிச்சையை வைத்துக்கொள்ளலாமே என்று வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கேட்டுப் பார்த்தார். டாக்டர் அவரை நோயாளி என்று நினைத்து உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலையில் இரண்டு அறைகளில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். மெக்கானிக்கின் சிறுநீரகம் அக்காவின் உடம்புக்குள் போய்ச் சேர்ந்ததும், யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்காமலே வேலை செய்யத் தொடங்கியது. கண் விழித்த பிறகு அவளிடம் அதைச் சொன்னார்கள். ஓடுகிறதா என்று கேட்டாளாம். ஓடுகிறது என்றதும் தூங்கிவிட்டாளாம்.

உடம்பு தேறி அவள் மறுபடி காரில் ஏறுவதற்குச் சில மாதங்கள் ஆயின. முதலில் போக வேண்டிய இடம் அம்மா என்றாள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, மேட்டில் இருந்தது. காரை அவளே ஓட்டினாள். மெக்கானிக் பக்கத்தில், அத்தான் பின்னால்.

அம்மாவின் இடத்தில் ஆளுயரத்துக்குக் கருங்கல் ஒன்று நின்றது. வாரியம் நட்டது. அவர்கள் வைத்திருந்த சின்னக் கல்லைப் பெயர்த்து மதிலோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். புதிய கல்லில் 'ஒரு வயிற்றில் இரு பருவம் கண்ட தாய்' என்று பெரிதாகச் செதுக்கியிருந்தது. கீழே ஜூன் ஒன்பது, செப்டம்பர் பதினெட்டு. அதற்கும் கீழே வாரியத் தலைவர் பெயர், துணை இயக்குநர் பெயர், மருத்துவ அதிசயப் பிரிவுத் தலைவர் பெயர். அம்மா பெயரைக் காணோம். கல்லைத் தொடுவதோ சேதப்படுத்துவதோ குற்றம் என்று பக்கத்தில் பலகை.

மெக்கானிக் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல் பொய் என்றால் சான்று பொய்; சான்று பொய் என்றால் அக்காவின் வயிற்றுக்குள் இருப்பது வெளியாளுடையது. மெக்கானிக் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூவரும் மதிலோரம் போய்ச் சின்னக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அக்கா அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டினாள்.

"விடியறதுக்கு முன்னாடி வலி எடுத்து, விளக்கு வைக்கற நேரத்துலதான் நாம வந்தோம்னு சொல்லுவாங்க. அந்த ஒரு நாளே போதும் போதும்னு ஆயிடுச்சாம். இவங்க அதை மூணு மாசத்துக்கு இழுத்துட்டாங்க" என்றாள்.

சற்றுத் தள்ளி வேறொரு கல்லறைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி, நிறைமாதம், திரும்பிப் போகும்போது கருங்கல்லின் முன்னால் நின்று படித்தாள். இவர்களைப் பார்த்தாள். நீங்கள்தான் அவர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"நிஜமாவா அக்கா? ஜூன்ல ஒண்ணு, செப்டம்பர்ல ஒண்ணா?"

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டார். அக்கா அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "ரொம்பக் கஷ்டப்பட்டுட்டாங்க."

"ஐயோ. நடுவுல என்ன செஞ்சாங்க?"

"நடுவுல வேலைக்குப் போனாங்க" என்றாள் அக்கா.